சௌடியின் மெக்னீசியம் காலிப்பர்

அக்டோபர் 3, வெள்ளி

இதை யார் எடுத்திருந்தாலும் சரி, இந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடுங்கள். மூட மனசு வரவில்லை என்றால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். மருதாசலம் மாமாவிடமும் வேண்டாம். சௌடியிடம் காட்டினால் நான் பள்ளிக்கூடத்துக்கே போக முடியாது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

இந்த டைரி அப்பாவுக்கு வந்தது. வருஷா வருஷம் பேரிங் கடையில் அப்பா பெயரைப் போட்டு அனுப்புவார்கள். அப்பா இல்லை என்பது தெரியாமல் இந்த வருஷமும் அனுப்பிவிட்டார்கள். அம்மா அதைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டாள். நான்தான் எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் கவின்மலர். எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டறை இருக்கிறது. கால் ஊனமானவர்களுக்குக் காலிப்பர் செய்கிறோம். காலின் இரண்டு பக்கமும் இரண்டு உலோகப் பட்டைகள், நடுவில் தோல் வார், முட்டியில் ஒரு பூட்டு. அவ்வளவுதான் காலிப்பர். முன்பு இரும்பில் செய்தோம். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்தியவள். இரண்டு வருஷமாக மெக்னீசியத்தில் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். முதல் ஜோடி சௌடிக்கு. நேற்று விஜயதசமி அன்று அவளுக்கு மாட்டிவிட்டார்கள்.

சௌடேஸ்வரி என் வகுப்பு. சின்ன வயதில் மொபெட்டிலிருந்து விழுந்து இடது காலில் உணர்வு போய்விட்டது. இரும்புக் காலிப்பரோடு அவள் வராந்தாவில் நடந்து வந்தால் பையன்கள் "ரோடு ரோலர் வருது, அக்கட்டால போங்கடா" என்று கத்துவார்கள். நேற்று புதுசு போட்டதும் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் அம்மா அழுதார். என் அம்மாவும் அழுதாள். அப்பா காலத்திலிருந்து பட்டறையில் வேலை பார்க்கிற மருதாசலம் மாமா பொரியும் கடலையும் கொடுத்தார். நான் என் பங்கைத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று எழுத வரவில்லை.

அம்மா தூங்குகிறாள். கதவோரம் நின்று மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். நன்றாக இருக்கிறாள்.


அக்டோபர் 4, சனி

இன்றும் முடியவில்லை. நாளைக்கு.


அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் பட்டறையைக் கழுவினேன். பூசைக்கு வைத்த வாழைக்கன்று வாடித் தொங்கியது, வெட்டி மாட்டுக்குப் போட்டேன். லேத்து, டிரில், வளைக்கிற பிரஸ் எல்லாவற்றிலும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கப் போனபோது மாமா தடுத்துவிட்டார். "அதுவா உதுரட்டும் அம்மிணி. நாமளா அழிக்கக் கூடாது."

சரி, எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை ஆயுத பூசை. அன்று எந்த மிஷினும் ஓடக் கூடாது. முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவோம். ஆனால் முந்தின நாள் வளைத்த சௌடியின் பட்டைகளை அம்மா அன்று காலையில் ஓவனில் வைத்துவிட்டாள். நூற்றெழுபது டிகிரி, எட்டு மணி நேரம். விஜயதசமிக்குள் கொடுத்துவிடுங்கள் என்று சௌடியின் அம்மா கெஞ்சியிருந்தார். பட்டையோடு அதே உலோகத்தில் வெட்டிய சோதனைத் துண்டு ஒன்றையும் அம்மா எப்போதும் சேர்த்து வைப்பாள். பிறகு அதைக் காலேஜ் லேபுக்குக் கொண்டுபோய் மிஷினில் இழுத்துப் பார்ப்பாள். அது தேறிய பிறகுதான் பட்டையைக் கையால் தொடவே விடுவாள். இந்தத் தடவை லேபுக்கு லீவு. ஓவன் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டாள்.

மாமா வந்து ஓவனின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "பூசையன்னிக்கு இது ஓடறது நல்லால்லீங்க தாயி."

"அது மிசினில்லீங்ண்ணா, அடுப்பு. இன்னிக்கு உங்க ஊட்டுல சோறாக்கலையா?"

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுங்களா" என்று மாமா சிரித்தார். ஆனால் அது அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை.

அம்மா தோல் வார் தைத்து வாங்க டவுனுக்குப் போனாள். "மலரு, ஓவன் நிக்காம ஓடோணும். யாரையும் தொட உடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மாமா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்தார். நான் ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்தேன். ஓவனுக்கு வைக்கவில்லை. சூட்டில் கருகிவிடும், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. கற்பூரம் காட்டி முடித்ததும் அவர் பக்கத்துப் பட்டறைகளுக்குப் பொரி கொடுக்கப் போனார். நான் தனியாக நின்றேன். எல்லா மிஷினும் பொட்டோடு அமைதியாக நின்றன. ஓவன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இருக்கிற பெட்டியைத் திறந்து, சுவிட்சை அணைத்தேன்.

சாயங்காலம் அம்மா வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் மறுபடி போட்டேன். அம்மா திறந்தபோது உள்ளே சூடாகத்தான் இருந்தது. "அப்பாடா" என்று பட்டைகளை வெளியே எடுத்தாள்.

ஏன் அணைத்தேன் என்று கேட்காதீர்கள். மாமா சொன்னார், அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.


அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. எங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில். சௌடி கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். நான் அவள் பின்னாலேயே, இரண்டு கையையும் லேசாக நீட்டிக்கொண்டு போனேன்.

"ஏன்டி கோழி புடிக்கிற மாதிரி வர்ற?"

"இல்ல, பை கனமா இருக்குமேன்னு."

"பையி என் முதுகுல இருக்குது. உனக்கென்ன கனம்?"

மத்தியானம் இறங்கும்போதும் அப்படியே. அவள் திரும்பிப் பார்த்து, "உன் ஊட்டுல செஞ்சதுன்னா என் காலு உன்னுதாயிருமா? போடி" என்றாள். பையன்கள் ரோடு ரோலர் என்று கத்தக் காத்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே வராததால் ஏமாந்து போனார்கள். அவள் அவர்களிடம் போய் நின்று, "கத்துங்கடா பாக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் எல்லோரும் மலைக்கோயிலுக்குப் போகிறார்களாம். இதுவரைக்கும் அவளை அவள் அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவார். இந்தத் தடவை அவளே படியேறப் போகிறாள். வேண்டுதல். அவள் தெரு முழுக்கத் தெரியும், எங்கள் வகுப்பு முழுக்கத் தெரியும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஒவ்வொரு படிக்கும் முழு எடையும் அந்தப் பட்டைமேல் போய் விழும்.


அக்டோபர் 7, செவ்வாய்

அம்மா சோதனைத் துண்டைக் காலேஜில் கொடுத்துவிட்டு வந்தாள். லேபில் கூட்டம், வெள்ளிக்கிழமைதான் இழுப்பார்களாம். "நம்ம ஓவன் என்ன ஏமாத்தவா போகுது" என்றாள்.

ராத்திரி அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஏம்மா, பட்டைய ஓவன்ல வெக்காமயே குடுத்தா என்னாகும்?"

அம்மாவிடம் இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் அவளுக்குத் தோசை கருகுவது தெரியாது.

"மெக்னீசியத்துல அணுவெல்லாம் ஆறு மூலையா அடுக்கி வெச்சிருக்கும். அலுமினியம் மாதிரி எல்லாப் பக்கமும் ஈசியா வழுக்கிக் குடுக்காது. ஒரு பக்கமா அமுக்கினா அதுக்கு வேற வழியில்ல. ஒரு கீத்து அளவுக்கு அணுக்கள் அப்படியே சாஞ்சு, பக்கத்துல இருக்கறதோட கண்ணாடிப் பிம்பம் மாதிரி நின்னுக்கும். சாஞ்சதுக்கும் சாயாததுக்கும் நடுவுல ஒரு கோடு. இரட்டை எல்லைன்னு சொல்லுவோம். நான் பட்டைய வளைக்கறப்போ உள்ளாற ஆயிரக்கணக்குல இந்தக் கோடு உழுவும்."

"கோடு உழுந்தா ஒடஞ்சிராதா?"

"கோடு நல்லதுதான். உள்ள வழுக்கிட்டு வர்றத அது மறிச்சு நிறுத்தும். ஆனா அது அங்கயே நிக்கோணுமே! திருப்பி அமுக்கினா வந்த வழியே போயிரும். சாஞ்சதெல்லாம் மறுபடி நிமிந்துக்கும். பட்டை இளகிக் குடுத்துரும்."

பிறகு பஸ் கதை சொன்னாள். மெக்னீசியத்தோடு அம்மா கடோலினியமும் துத்தநாகமும் கலக்கிறாள். கடோலினிய அணு பெரியது, துத்தநாக அணு சின்னது. இரண்டும் எங்கெங்கோ நின்றுகொண்டிருக்கும். கோட்டில் சில இடம் அகலமாக இருக்கும், சில இடம் நெருக்கமாக இருக்கும். "டவுன் பஸ்ஸுல பெரிய ஆளு காலு நீட்டற சீட்டாப் பாத்து உக்காருவாரு. ஒன்ன மாதிரி நோஞ்சான் ரண்டு பேருக்கு நடுவுல இடுக்கிக்கும். உக்காந்தாச்சுன்னா எந்திரிப்பாங்களா? கோடு முழுக்க அப்படி ஆளுக உக்காந்துட்டா அப்பறம் அத நகத்தவே முடியாது. ஆனா அவங்க நடந்து வந்து சீட்டுப் புடிக்கறதுக்குச் சூடு வேணும், நேரம் வேணும். சூடு ரொம்ப ஏறினாலும் கோடே அழிஞ்சிரும். மத்த உலோகத்த வளைச்சுச் சூடு பண்ணுனா இளகும். இது இறுகும் மலரு. அதுதான் இதுல அழகு."

"அப்ப விட்டுப்போனத அப்பறமா வெச்சுக்கலாமா?"

"திருப்பி வளையறதுக்கு முன்னால வெச்சா சரி. வளைஞ்சு போச்சுன்னா கோடே இருக்காது. எங்க போய் உக்காருவாங்க?" தோசையைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கற?"

"பரீட்சைக்கு."

"எட்டாங்கிளாசுலயா?" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு மார்பைத் தேய்த்துக்கொண்டாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"புகைடி. தோசை கருகிப்போச்சு."

மூன்று தடவை கேட்டுவிட்டேன். புகை மட்டும்தான் என்றாள்.


அக்டோபர் 8, புதன்

சௌடி டெஸ்கின் அடியில் காலை நீட்டியிருந்தபோது குனிந்து பார்த்தேன். முதல் நாள் பட்டைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. இன்று கட்டைவிரல் நுழைகிறது. வளைவு நிமிர்ந்துகொண்டு வருகிறது.

பென்சில் விழுந்துவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன்.


அக்டோபர் 9, வியாழன்

சௌடியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை. ஓவனை அணைத்ததை மட்டும்.

சாப்பாட்டு நேரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். பிறகு காலைத் தட்டிப் பார்த்தாள்.

"ஒடையுமா?"

"ஒடையாது. முட்டிகிட்ட இளகி மடங்கும். படியில எறங்கறப்போ மடங்குனா..."

"அப்ப சனிக்கிழம நான் பழச மாட்டிக்கோணுமா? அந்த இரும்ப?"

"அதவிட, அப்பா முதுகுல..."

"எங்கப்பாவுக்குப் போன மாசம் இடுப்புப் புடிச்சுக்கிச்சு. எனக்கு வயசு பதிமூணு. பதிமூணு வயசுப் பொண்ண முதுகுல தூக்கிட்டுப் போறத ஊரே பாக்கும். நீ பாத்திருக்கியா? நான் மேல இருந்து பாத்திருக்கறேன், அவங்க மூஞ்சியெல்லாம்." காலிப்பரின் வாரை இழுத்து இறுக்கினாள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாத. ஆனா கழட்டவும் மாட்டேன்."

"சௌடி, சொல்றதக் கேளு. எங்கம்மாகிட்டச் சொன்னா வேற செஞ்சு..."

"அப்ப போய்ச் சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற? நீதான அணைச்ச?" எழுந்து போனாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள். "ஆமா, எதுக்குடி அணைச்ச?"

நான் குனிந்து என் டப்பாவைப் பார்த்தேன்.

"லூசு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுடைய முட்டைப் பொரியலில் பாதியை என் டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.


அக்டோபர் 10, வெள்ளி

அம்மா இருட்டிய பிறகுதான் காலேஜிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமலே பட்டறைக்குப் போனாள். விளக்கு எரிந்தது. வெகு நேரம் கழித்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். லேபில் தேறாமல் போன சோதனைத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மலரு, பூசையன்னிக்கு நான் டவுனுக்குப் போனப்போ கரண்ட் நின்னுச்சா?"

"இல்லம்மா."

பொய் இல்லை. கரண்ட் நிற்கவில்லை. இதுவரைக்கும் நான் சொன்னதிலேயே மோசமான பொய் அதுதான்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப என் கணக்குலதான் தப்பு. ரண்டு வருசக் கணக்கு." சோற்றைப் பிசைந்து வைத்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு சௌடி வீட்டுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு நான் வந்தப்பறம்தான் கெளம்போணுமுங்க. அதுவரைக்கும் பாப்பா அத மாட்ட வேண்டாம்... இல்லீங்க, பாப்பாமேல ஒரு தப்பும் இல்லீங்க. எம்மேலதானுங்க." அடுத்து மாமாவுக்குப் போன் செய்தாள். "புதுசா ஒரு ஜோடி வளைச்சிருக்கறேன், இந்த ஒரு தடவ மட்டும் திருப்பி வெச்சுப் பாக்கறேனுங்ண்ணா. இதுவும் சரியா வரலைன்னா இனி இரும்புதான். அவரு இருந்திருந்தாச் சொல்லியிருப்பாரு, எனக்குத்தான் புத்தியில்ல." இப்போது பட்டறையில் ஓவன் இரைகிற சத்தம் கேட்கிறது. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மாவின் கணக்கில் தப்பில்லை. அவள் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. கோடு விழுந்தது. உட்கார வேண்டியவர்களுக்கு நான்தான் நேரம் கொடுக்கவில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் இப்போது போய்ச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஏன் என்பதை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். வாயால் சொல்லும்போது பாதியில் நின்றுவிடக் கூடாது.

போன வருஷம் ஆயுத பூசை அன்று அப்பா டிரில்லை ஓட்டினார். ஒரு பையனுக்கு அவசரமாகக் காலிப்பரில் ஆணி மாற்ற வேண்டியிருந்தது. மாமா வேண்டாமென்று சொன்னார். அப்பா சிரித்தார். அடுத்த மாசம் அப்பா பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. வீடு முழுக்க ஆட்கள். மாமா குழாயடியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "பூசையன்னிக்கு ஓட்டாதீங்கன்னு சொன்னனே, சொன்னனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் குடத்தோடு பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொல்லவில்லை.

இந்த வருஷம் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தபோது எனக்குச் சௌடி ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அம்மா பஸ்ஸில் போயிருக்கிறாள் என்பது மட்டும்தான் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருந்தது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரியும். ராத்திரியில் மட்டும் மாமா சொன்னதுதான் நிஜம் மாதிரி இருக்கிறது.

இதைச் சொன்னால் அம்மா மாமாவைக் கோபித்துக்கொள்வாளோ. மாமா பாவம். அவர் அழுதுகொண்டு சொன்னது. என்னைக் கேட்க வைத்துச் சொல்லவில்லை.

அம்மா என்னைக் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை. "எனக்காகவா அணைச்ச" என்று கேட்டு அழுதால் நான் என்ன செய்வேன்?

ஓவன் சத்தம் இன்னும் கேட்கிறது. அதற்கு நேரம் வேண்டும், விடியும்வரை ஓட வேண்டும். அம்மா அதைவிட்டு நகர மாட்டாள். நான்தான் கொல்லைக் கதவைத் திறந்து போக வேண்டும். இந்த வரியை முடித்துவிட்டுப் போகிறேன். இல்லை, அடுத்த வரி. காலையில் சௌடி நல்ல பட்டையோடு படியேற வேண்டும். அவள் இறங்கி வரும்போது நான் கீழ்ப்படியில் நிற்க வேண்டும், கையை நீட்டாமல்.

காலடிச் சத்தம் கேட்கிறது. பட்டறைப் பக்கமிருந்து. ஓவனை விட்டுவிட்டு ஏன் வருகிறாள்?

கதவைத் தட்டுகிறாள்.

"மலரு, முழிச்சுட்டுத்தான் இருக்கறன்னு தெரியும். ஓவனுக்குக் கரண்ட் பாக்க ஸ்டூல் போட்டுப் பெட்டியத் தொறந்தேன். சுவிட்சு மேல சந்தனம் காஞ்சிருக்குது கண்ணு. சின்ன விரலு. நெஞ்சு வலிக்குதான்னு மூணு தடவ கேட்டியே, அது இதுக்குத்தானா? எனக்கு என்னாகும்னு பயந்த?"

அம்மா அழுகிறாள். நான் கதவைத்